மூன்று கால் வெண்கலமும் ஒரு கிண்ணம் புளியும்

படம் மாட்டுவது, சிலைக்கு வெளிச்சம் வைப்பது, கண்ணாடிப் பெட்டியைக் கீறல் விழாமல் துடைப்பது, இதெல்லாம் உங்களுக்குப் பதினைந்து நாளில் பழகிவிடும். அதைச் சொல்ல நான் வரவில்லை. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிற இந்தக் கண்காட்சிக்கூடத்தில் பல காலம் குப்பை கொட்டியவள் என்பதால், புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லும்படி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நல்ல வார்த்தைக்கு வேறு ஆள் பாருங்கள். நான் பொறாமையைப் பற்றிச் சொல்லப் போகிறேன்.

நம் வேலையின் லட்சணம் அப்படி. எவரோ செய்ததை நாம் தூக்கி வைக்கிறோம், துடைக்கிறோம், அதன் பக்கத்தில் ஒரு சின்ன அட்டையில் அவர்கள் பெயரை நம் கையால் எழுதி ஒட்டுகிறோம். உங்களில் பாதிப் பேர் ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு, ‘நாமும் ஒருநாள் செய்வோம்’ என்ற நினைப்போடுதான் இங்கே வந்திருப்பீர்கள். உங்களுக்கும் வயிறு எரியும். எனக்கு எரியாது என்று யாராவது சொன்னால் அவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

என் வயிற்றெரிச்சலுக்குக் கோமதி என்று பெயர். வடகரைக்காரி. நானும் அவளும் ஓவியக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தோம். ஒரே அறை, ஒரே வாளி, ஒரே எண்ணெய்ப் பாட்டில். படிப்பில் நான்தான் கெட்டி. அவள் பரீட்சைக்கு முந்தின நாள் என் நோட்டை வாங்கிப் படித்துவிட்டு என்னைவிட இரண்டு மார்க் கூட வாங்குவாள். அப்போதே எனக்கு அந்த எரிச்சல் பிடித்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கல்லூரி நூலகத்தில் அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தில் நான் அந்தப் பாத்திரத்தின் படத்தைப் பார்த்தேன். மூன்று கால், விளிம்பில் இரண்டு காது, பானை வயிறு. சீனத்தில் மூவாயிரம் வருடத்துக்கு முன்னால் முன்னோர்களுக்குப் படையல் வைத்த வெண்கலப் பாத்திரம். டிங் என்பார்கள். வயிற்றில் ஒரு முகம் இருக்கும். இரண்டு கண்ணும் உருட்டி விழிக்கும், கீழ்த்தாடை இருக்காது. அது காவல் காக்கிற முகமா, பசித்த முகமா என்று படித்தவர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. யார் வீட்டில் எத்தனை டிங் இருக்கலாம் என்பதற்கு வரிசை உண்டு. அரசனுக்கு ஒன்பது. அவனுக்குக் கீழே உள்ளவனுக்கு ஏழு, அப்புறம் ஐந்து, மூன்று. பாத்திரத்தை எண்ணினால் ஆளின் உயரம் தெரிந்துவிடும்.

இந்தக் காலத்துச் சீனக் கலைஞர்கள் இதை விடுவார்களா? அதிகாரத்தைக் கிண்டல் செய்ய வேண்டுமென்றாலும் டிங், பழம்பெருமையைக் கேள்வி கேட்க வேண்டுமென்றாலும் டிங். பசியைச் சொல்லவும் அதுதான், முன்னோரைச் சொல்லவும் அதுதான். எங்கே அப்படி ஒரு படத்தைப் பார்த்தாலும் நான் வெட்டி ஒட்டி வைப்பேன், பக்கத்தில் குறிப்பு எழுதுவேன். நாலு பெரிய நோட்டு நிரம்பியது. நானும் ஒரு டிங் செய்வேன் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். இந்த வருடம், அடுத்த வருடம் என்று இருபது வருடம் போனது. நான் செய்தது நாலு நோட்டு.

கோமதி அடிக்கடி இந்தக் கூடத்துக்கு வருவாள். மத்தியானச் சாப்பாட்டை என்னோடு பங்கு போட்டுச் சாப்பிடுவாள். ஒருநாள் அப்படிச் சாப்பிடும்போது அவளுக்கு ஒரு சீனத்துக் கதை சொன்னேன். ஒன்பது டிங் யாரிடம் இருக்கிறதோ அவனுக்குத்தான் நாடு என்று நம்பிய காலம். பக்கத்து நாட்டு ராஜா ஒருவன் படையோடு எல்லைக்கு வந்து நின்றுகொண்டு, ‘அந்தப் பாத்திரங்கள் என்ன எடை இருக்கும்?’ என்று சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டானாம். எடையைக் கேட்டால் தூக்கிக்கொண்டு போக ஆசைப்படுகிறான் என்று அர்த்தம். ஆளுகிற தகுதி குணத்தில் இருக்கிறது, பாத்திரத்தில் இல்லை, எடையெல்லாம் நீ கேட்க வேண்டாம் என்று பதில் சொல்லி அனுப்பினார்களாம்.

கோமதி வாயில் வைத்த சோறு வெளியே வந்துவிடும் போலச் சிரித்தாள்.

“ஏட்டி சொர்ணம், எங்க மாமியாளும் இதத்தானட்டி கேட்டா! எங் கல்யாணத்துக்கு ஏழு வெங்கலப் பான சீராப் போச்சுல்லா? பந்தல்ல வரிசையா வச்சு எல்லாரும் எண்ணுதாக. அவ நேரா எங்கம்மாகிட்ட வந்து, ‘மொத்தம் எத்தன கிலோ தேறும்’னு கேக்கா. அந்த ராசாவும் எங்க மாமியாளும் ஒரே ரகம் போலுக்கே!”

நானும் சிரித்தேன். கோமதியின் கல்யாணம் மூன்று வருடம்கூடத் தாங்கவில்லை. அவளும் ஏழு பாத்திரங்களும் வடகரைக்கே திரும்பி வந்துவிட்டார்கள். பாத்திரங்கள் பரணுக்குப் போயின, அவள் களிமண் பிசைய உட்கார்ந்தாள். இது எல்லாருக்கும் தெரிந்த கதை. அன்றைக்குச் சாப்பிட்டு முடித்து டிபன் பாக்ஸைக் கழுவினேன், அவள் பஸ் ஏறிப் போனாள்.

எட்டு மாதம் கழித்து அவள் என்னை வடகரைக்குக் கூப்பிட்டாள். வீட்டுப் பின்பக்கம் ஈரச் சாக்கை எடுத்து வீசிவிட்டு, “பாருட்டி” என்றாள்.

ஏழு பாத்திரத்தையும் உருக்கி ஒரே டிங்காக வார்த்திருந்தாள். என் இடுப்பு உயரம். வயிற்றில் முகம் இருந்தது. மிருகத்தின் முகம் இல்லை, பெண் முகம். மூக்குத்தி போட்டிருந்தாள், கண் இரண்டும் விரியத் திறந்திருந்தன. கீழ்த்தாடை இல்லை. வாய் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று வெறும் வெண்கலம். உடம்பு முழுக்கப் பச்சை ஏறியிருந்தது. உப்பையும் காடியையும் பூசி, ஈரச் சாக்கைச் சுற்றி, மாதக்கணக்கில் வெளியில் வைத்து அந்தப் பச்சையைக் கொண்டுவந்திருந்தாள். தலைப்பு, ‘எடை என்ன?’

நல்லா இருக்கு என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல? சொல்லிவிட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷ அழுகை என்று நினைத்துவிடாதீர்கள். பாத்திரத்தைக் கண்டுபிடித்தது நான். கதை சொன்னது நான். சீர்ப் பாத்திரம் நம் ஊர்க் கல்யாணம் எல்லாவற்றிலும் வரிசையாக உட்கார்ந்திருக்கிறது, என் கல்யாணத்திலும்தான் எண்ணினார்கள். நாலு நோட்டு எழுதிய எனக்கு அது ஏன் தோன்றவில்லை? ஒரு கவளம் சோற்றுக்கும் அடுத்த கவளத்துக்கும் நடுவில் அவளுக்கு எப்படித் தோன்றியது? படுபாவி, அவளுக்கு மட்டும் எப்படி!

இந்தக் கூடத்தை அப்போது நடத்தியவர் செங்கோட்டையில் மரவியாபாரம் செய்த ஓர் அண்ணாச்சி. கோமதியின் பாத்திரத்தைப் பார்த்ததும் சீசன் கண்காட்சியின் நடுமண்டபம் அதற்குத்தான் என்று சொல்லிவிட்டார். அழைப்பிதழில் பச்சைப் பாத்திரத்தின் படம் முழுப் பக்கம் வந்தது. கீழே கோமதி ஒரு வரி எழுதியிருந்தாள்: ‘தோழி ஒருத்தி சொன்ன கதையிலிருந்து.’

தோழி ஒருத்தி! எனக்குப் பெயர் கிடையாதா? அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. பிரியமாகத்தான் எழுதியிருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அது என் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள். இனி சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். பாத்திரம் வந்து இறங்கிப் பின்வராந்தாவில் இருந்தது. ஆட்கள் வேறு வேலைக்குப் போயிருந்தார்கள், சாயங்காலம் வந்துதான் உள்ளே தூக்க வேண்டும். நான் முன்னறையில் உட்கார்ந்து அட்டை எழுதிக்கொண்டிருந்தேன். கூடத்தில் என்னைத் தவிர முப்பிடாதி மட்டும்தான். கூட்டிப் பெருக்குவது, கழுவுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது எல்லாம் முப்பிடாதிதான், பதினாறு வருடமாக. ஒவ்வொரு திறப்பு விழாவுக்கும் முந்தின நாள் குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்கி வைப்பாள். அன்றைக்கும் பின்பக்கக் குழாயடியில் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

கையில் புளிக் கிண்ணத்தோடு என் அறை வாசலில் வந்து நின்றாள்.

“யக்கா, வெளக்கு முடிஞ்சிட்டு. புளி மிச்சங் கெடக்கு. அங்கன ஒரு மூணு காலு சட்டி பாசி புடிச்சுக் கெடக்கே, அதையும் வெளக்கிரட்டுமா? நாளைக்கு ஆளுக வருதாக, வெங்கலத்த இப்பிடியா போட்டு வைக்கது? பாத்தா நம்மளத்தான் ஏசுவாக.”

அவள் கேட்டதில் தப்பே இல்லை. விசேஷ வீட்டில் பாத்திரம் பச்சை பிடித்துக் கிடந்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு அசிங்கம். நம் ஊரில் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். பச்சைதான் கலை, அதில் கை படக் கூடாது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? சொல்ல வேண்டியவள் நான்.

என் பேனா அப்போது அட்டையில் ‘காலத்தின் பச்சை’ என்று எழுதிக்கொண்டிருந்தது. அவள் கேட்டது ஒவ்வொரு சொல்லாக என் காதில் விழுந்தது. நான் நிமிரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் கேட்டது. சரக் சரக் என்று தேங்காய் நார் வெண்கலத்தில் தேய்கிற சத்தம். நான் எழுந்தேன். ‘ஏ முப்பிடாதி, நிப்பாட்டு!’ என்று ஒரு வார்த்தை போதும், ஒரு பக்கம் மட்டும் போயிருக்கும், மிச்சம் தப்பித்திருக்கும். கதவு வரைக்கும் போனேன். போய் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டேன். சும்மா சொல்லக் கூடாது, அது எனக்கு இனித்தது. திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன். இன்னொரு தடவையும் எழுந்தேன், இன்னொரு தடவையும் உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம்.

கண்மூடித்தனமாக, ஆத்திரத்தில் செய்யும் தப்பைப் பற்றித்தான் எல்லாரும் எச்சரிப்பார்கள். நான் நிதானமாக, நாற்காலியில் உட்கார்ந்து, பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு செய்தேன். உங்களுக்கு நான் சொல்ல ஒரு விஷயம் உண்டென்றால் இதுதான்: யாராவது உங்களிடம் அனுமதி கேட்டால் பேனாவைக் கீழே வையுங்கள், முகத்தைப் பாருங்கள், வாயைத் திறந்து பதில் சொல்லுங்கள். தலையாட்டல் இருக்கிறதே, அது பிற்பாடு எப்படி வேண்டுமானாலும் மாற்றிச் சொல்ல வசதியாக இருக்கும். அதனால்தான் நான் தலையாட்டினேன்.

ஐந்து மணிக்குக் கோமதி வந்தாள், அவள் பின்னாலேயே அண்ணாச்சியும். பின்வராந்தாவில் சாய்ந்த வெயிலில் பாத்திரம் தகதகவென்று நின்றது. மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள். முப்பிடாதி பக்கத்தில் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, பாராட்டுக்குக் காத்திருப்பது போல நின்றாள்.

அண்ணாச்சிதான் முதலில் கத்தினார்.

“ஏ, என்னளா இது? யாரக் கேட்டு இதத் தொட்ட? எட்டு மாச வேலளா! அழைப்புப் பத்திரிகையில பச்சையாப் போட்டு ஊருக்கெல்லாம் அனுப்பியாச்சு. நாளையில இருந்து நீ வராண்டாம், இன்னைக்கே கணக்க முடிச்சிட்டுப் போயிரு!”

முப்பிடாதிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் செத்துப்போனது. என்னைக் கையைக் காட்டி, “இந்த அக்காகிட்டக் கேட்டுட்டுத்தான் அண்ணாச்சி வெளக்குனேன். அவுக தலைய ஆட்டுனாகளே” என்றாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முப்பிடாதியின் பதினாறு வருட வேலை என் நாக்கு நுனியில் நின்றது.

“எங்கிட்ட யாரும் கேக்கல. நான் எழுதிக்கிட்டு இருந்தேன்” என்றேன்.

முப்பிடாதி என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. “அப்பம் நாந்தான் தப்பா வெளங்கிட்டேன் போலுக்கு” என்று சொல்லிவிட்டுப் புளிக் கிண்ணத்தை எடுத்துக் கீழே வைத்தாள், மறுபடி கையில் எடுத்தாள்.

கோமதி இதற்குள் பாத்திரத்தின் முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அழப்போகிறாள் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேன் என்ன, காத்திருந்தேன். அவள் அந்தப் பெண் முகத்தைத் தடவிக்கொண்டே என்னைக் கேட்டாள்:

“ஏட்டி சொர்ணம், நீதான் இதெல்லாம் படிச்சவ. அந்தக் காலத்துல, படையல் வைக்கும்போது, இந்தச் சட்டி என்ன நெறத்துல இருந்திருக்கும்?”

எனக்குத் தெரியும். இரண்டாவது நோட்டில் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு எழுதி வைத்திருந்தேன். அவளுக்கு எல்லாம் சொன்னேனே தவிர இதைச் சொல்லவில்லை. என்றைக்காவது நான் செய்யும்போது எனக்கென்று ஒன்று இருக்கட்டும் என்று ஒளித்து வைத்திருந்தேன்.

“மஞ்சளாத்தான் இருந்திருக்கும். பொன்னு மாதிரி” என்றேன். “பச்சையெல்லாம் மண்ணுக்குள்ள பொதஞ்சு கெடந்த பெறகு வந்தது.”

“இத ஏண்டி எங்கிட்டச் சொல்லல?”

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து பாத்திரத்தைச் சுற்றி வந்தாள்.

“எங்கம்மா இந்தப் பானய எல்லாம் பளபளன்னுதான் குடுத்து விட்டா. நாந்தான் சீனாச் சாமான் மாதிரித் தெரியணும்னு பச்சைய ஏத்திப் பொதகுழிக்குள்ள போட்ட மாதிரி ஆக்கிட்டேன். மியூசியத்துல வச்சிருக்க நெறத்தப் பாத்து மயங்கிட்டேன். எண்ணுதவளும் எடை கேக்குதவளும் பளபளக்கத பாத்துத்தான கேப்பா? அண்ணாச்சி, இது இப்பிடியே இருக்கட்டும். முப்பிடாதி எங்கயும் போகாண்டாம்.”

அண்ணாச்சி, “அப்பம் பத்திரிகையில போட்ட படம்?” என்றார்.

“வாறவுக வந்து பாத்துக்கிடட்டும்” என்றாள் கோமதி. அப்புறம் என்னிடம் திரும்பினாள். “அட்டைய மாத்தி எழுதணும். இது நான் மட்டும் செஞ்சதில்ல. வார்த்தது கோமதி, வெளக்கினது முப்பிடாதின்னு போடு.” பிறகு என் முகத்தைப் பார்த்தாள். “நெசமாவே நீ வெளக்கச் சொல்லலயா? சொல்லியிருந்தா ஒம் பேரையும் போடணும். நெறத்தத் தெரிஞ்சு வச்சிருந்தவ நீதான.”

பாருங்கள், கேட்டுவிட்டாள். இருபது வருடமாக எந்தப் பாத்திரத்தில் என் பெயர் இருக்க வேண்டும் என்று கனவு கண்டேனோ, அதன் பக்கத்தில் என் பெயர். ‘ஆமா, நாந்தான் சொன்னேன்’ என்றால் போதும். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு முன்னால் அண்ணாச்சி முன்னிலையில் என்ன சொன்னேன்? இப்போது ஆமாம் என்றால், பாவப்பட்ட ஒருத்தியின் வேலை போகட்டும் என்று பொய் சொன்னவள் என்று ஆகிவிடும். முப்பிடாதி புளிக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இல்ல” என்றேன்.

“அப்பஞ் சரி” என்றாள் கோமதி.

முன்னறைக்குப் போய் ‘காலத்தின் பச்சை’யைக் கிழித்துப் போட்டுவிட்டு புது அட்டை எழுதினேன். முப்பிடாதி என்ற பெயரை அதற்கு முன் நான் சம்பளப் பதிவில் மட்டும்தான் எழுதியிருக்கிறேன். எழுத்து ஒன்றுகூடக் கோணவில்லை. அவ்வளவு பழக்கம், அடுத்தவர் பெயரை அழகாக எழுதி எழுதி.

மறுநாள் திறப்பு விழா. அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்த கூட்டம் எல்லாம் அந்தப் பாத்திரத்தைத்தான் சுற்றி நின்றது. முகம் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள். சுந்தரபாண்டியபுரத்திலிருந்து வந்த ஓர் அம்மாள் தலைப்பைப் படிக்காமலேயே பக்கத்தில் இருந்தவளிடம், “நல்ல கனமான வெங்கலம், எத்தன கிலோ இருக்கும்?” என்று கேட்டாள். அவள் மட்டுமா? வந்த பெண்களில் பாதிப் பேர் அதைத்தான் கேட்டார்கள். கேட்டுவிட்டுத் தலைப்பைப் பார்த்தார்கள், பிறகு வாயில்லாத அந்த முகத்தைப் பார்த்தார்கள், அப்புறம் பேச்சு நின்றுவிட்டது. ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே போனாள். பச்சையாக இருந்திருந்தால் ஒருத்தியாவது எடை கேட்டிருப்பாளா? நான் கெடுக்க நினைத்ததுதான் அதை முழுசாக்கியது. அந்தப் பாத்திரம் அப்புறம் கொச்சிக்குப் போனது, டெல்லிக்குப் போனது. போன இடமெல்லாம் அட்டையும் கூடவே போனது.

என் பொறாமை அத்தோடு தீர்ந்ததா என்று கேட்காதீர்கள். கோமதி மேல் இருந்ததில் பாதி முப்பிடாதி மேல் போய்விட்டது. பத்திரிகைக்காரர்கள் அவளைப் பாத்திரத்தின் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். நான் விளக்குப் போட்டுக் கொடுத்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு முப்பிடாதி துடைப்பத்தோடு நடுமண்டபத்துக்கு வந்தாள். அட்டையின் முன்னால் நின்று, விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள். கோமதி. அப்புறம் அவள் பெயர். இரண்டு தடவை படித்தாள். நான் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தேன்.

“யக்கா” என்றாள். “கேக்கேன்னு தப்பா நெனைக்காதிய. நீங்கதான தலைய ஆட்டுனிய. ஒங்க பேரு எங்கன?”

“அட்டை சின்னது முப்பிடாதி, எடம் பத்தல” என்றேன்.

இரண்டு பெயருக்கும் கீழே பாதி அட்டை வெள்ளையாகக் கிடந்தது.